நாலாவது மாடியில் மெல்லிசு பீட்சா

— முட்டி இல்லீங்க, பசி. முட்டி வலி பழகிப்போச்சு. பசிதான் பழகவே மாட்டேங்குது.

— இரு மகாராணி, ஓவன் சூடாகட்டும். சூடாகாம உள்ள தள்ளினா போன வாரம் மாதிரி ஆயிடும்.

— போன வாரத்தைப் பத்திப் பேசாதீங்க. அது பீட்சாவா? கதவுக்கு அடியில சொருகி வச்சா எந்தக் காத்துக்கும் சாத்தாது.

— சாப்பிட்டேல்ல?

— சாப்பிட்டேன். கடைவாய்ப் பல்லைக் கேளுங்க, அது சொல்லும்.

— கோதுமை மாவு அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி டயட்டம்மா பாதி மைதா பாதி கோதுமைன்னுதான் சொன்னாங்க. நான் முழுக்கக் கோதுமையே போட்டேன். வெயிட்டு சீக்கிரம் இறங்கட்டுமேன்னு.

— அதுதான் இறங்குச்சு. தொண்டையில கொஞ்ச நேரம் நின்னுது, நெஞ்சுல கொஞ்ச நேரம் நின்னுது. மாடி மாடியா இறங்குச்சு.

— பண்ணு, நக்கல் பண்ணு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரித் தராசுல ஏறி நிக்கும்போது இந்த வாய் எங்க போகுதுன்னு பார்க்கிறேன். பெரிய டாக்டர் என்ன சொன்னாரு? இந்த வெயிட்டுக்கு முட்டியில கத்தி வைக்க மாட்டேன், குறைச்சுட்டு வாங்க, அன்னிக்கு விட்டீங்கன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்னாரு. அப்புறம் திரும்பவும் வரிசையில கடைசியில போய் நிக்கணும்.

— நிக்கிறதுக்கு முட்டி இருந்தா நான் ஏங்க அந்த வரிசைக்குப் போறேன்?

— மழைக்காலத்துக்கு முன்னாடி மேல ஏறினவ. தெருவைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு உனக்கு?

— தெருவை தினமும் பார்க்கிறேனே, ஜன்னல்ல. என்ன, எல்லாருக்கும் உச்சந்தலை மட்டும்தான் இருக்கு. இந்தத் தெருவுல யாரு யாருக்கு சொட்டை விழுந்திருக்குன்னு கேளுங்க, வரிசையா சொல்றேன்.

— இறங்குவே. புது முட்டி போட்டதும் நீயே இறங்குவே. இந்தா, முதல்ல இதைச் சாப்பிடு.

— என்னங்க இது, ஆட்டுக்குக் கட்டுற மாதிரி?

— வெள்ளரிக்காய், தக்காளி, முட்டைக்கோஸ். எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன். முதல்ல இலை தழை உள்ள போகணும். அது போய் வயித்துல இடத்தைப் பிடிச்சுக்கும். பின்னால வர்ற பீட்சாவுக்கு இடம் கம்மி.

— பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி.

— அதேதான். லாரியில சாமான் ஏத்துற கணக்கும் அதான். அடியில என்ன ஏத்துறோமோ அதுதான் மேல எவ்வளவு ஏத்தலாம்னு முடிவு பண்ணும். இப்ப சீஸைப் பாரு. ஒரு கைப்பிடிதான். தூவுறேன், கொட்டலை.

— தெரியுது. ஒவ்வொண்ணுக்கும் பேரே வைக்கலாம் போல இருக்கு.

— சாசேஜ் கிடையாது. காளான், குடைமிளகாய், வெங்காயம், தோல் உரிச்ச கோழி ரெண்டு துண்டு, மேல கொஞ்சம் கீரை. கடை சாஸ் வேண்டாம்னுட்டேன். அதுல சர்க்கரை போடுறானுங்களாம். தக்காளியை நானே வதக்கிட்டேன்.

— கீரையா? பீட்சா மேல கீரையா? மொட்டை அண்ணன் பார்த்தாருன்னா உட்கார்ந்து அழுவாரு.

— அவன் பேரை எடுக்காதே, சாப்பிடற நேரத்துல.

— சாப்பிடற நேரத்துல எடுக்காம வேற எப்ப எடுக்கிறது? பீட்சான்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு நமக்குக் காட்டினதே அவர்தானே.

— காட்டினான். காட்டலைன்னு சொன்னேனா? நாம மூணு பேரும் கூலிக்கு யாரோ ஒரு வாத்தியார் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தோம். சாமான் பூரா லாரியில ஏத்தியாச்சு. சாவி வாங்க வீட்டுக்காரன் வரணும், அவன் வரலை. நமக்குக் காலையிலிருந்து பட்டினி.

— நான் கண்ணாடி டம்ளரை எல்லாம் பேப்பர்ல சுத்திச் சுத்தி, விரல் பத்தும் மை. மொட்டை அண்ணன் 'இதோ வர்றேன்'னு போனவரு தட்டையா ஒரு அட்டைப்பெட்டியோட வந்தாரு. படம் மாட்டுற கண்ணாடியாக்கும், அதையும் சுத்தணுமாக்கும்னு நான் பேப்பரை எடுத்துட்டேன்.

— மரப்பெட்டியைக் கவுத்து வச்சுத் தின்னோம். வெறும் வீடு. ஒரு வார்த்தை பேசினா சுவரு ரெண்டு வார்த்தை திருப்பிப் பேசும். மொட்டை ஒரு ஏப்பம் விட்டான் பாரு, வீடே ஏப்பம் விட்டுச்சு.

— பார்த்தீங்களா, நீங்களே பேரை எடுத்தாச்சு.

— வாய் தவறி வந்துடுச்சு.

— அன்னிலிருந்து எந்த வீடு காலி பண்ணாலும் கடைசியில ஒரு பீட்சா. எத்தனை பேரு வீட்டுல சாப்பிட்டிருக்கோம்! அவங்க கட்டில் கிடந்த இடத்துல உட்கார்ந்து, அவங்க காலண்டர் மாட்டின ஆணியைப் பார்த்துக்கிட்டு. கட்டில் இருந்த இடம் மட்டும் தரை நிறம் வேறயா இருக்கும். அங்கதான் நான் உட்காருவேன். தூசி இருக்காது.

— ஒரு நாள் மழையில, லாரிக்குள்ள. ஞாபகம் இருக்கா? தார்ப்பாய் ஒழுகுது, கூலிக்கு ஏத்தின சோபா நனையக் கூடாதுன்னு நாம நனைஞ்சோம். தார்ப்பாய்க் கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு என் விரல் விறைச்சுப்போச்சு. நீதான் ஊட்டி விட்டே.

— உங்களுக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். காக்காக்குஞ்சு மாதிரி ரெண்டு பேரும் வாயைத் திறந்துக்கிட்டு. 'ஃபுல் லோடு, ஃபுல் லோடு'ன்னு கத்துவாரு.

— நம்ம பீட்சாவுக்கு அந்தப் பேரு வச்சதும் அவன்தான். சாசேஜ், முட்டை, ரெண்டு மடங்கு சீஸ். எண்ணெய் முழங்கை வரைக்கும் ஓடும். பெட்டியோட அடி ஊறிப்போய்த் தூக்கிப் பிடிச்சா வெளிச்சம் தெரியும்.

— அதுக்கு மேல ஆளுக்கு ஒரு கோலா. அப்பவும் ஒட்டின வயிறு நமக்கு.

— தூக்கினோம்ல. தின்னது அடுத்த மாடி ஏறுறதுக்குள்ள எரிஞ்சுபோச்சு. இப்ப தூக்குறது நின்னுபோச்சு, தின்றது நிக்கலை. கணக்கு இடிக்குது. டயட்டம்மா அதைத்தான் சொன்னாங்க. வண்டி ஓட்டம் குறைஞ்சா டீசலையும் குறைக்கணும்.

— டயட்டம்மா டீசல்னா சொன்னாங்க?

— கலோரின்னாங்க. நான் டீசல்னு மனசுல போட்டுக்கிட்டேன். பீட்சாவே கூடாதுன்னு அவங்க சொல்லலை பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சது. மெல்லிசா போடுங்க, காயை அள்ளிப் போடுங்க, ரெண்டு துண்டோட எழுந்துடுங்கன்னாங்க. மனுஷன் கஷ்டம் தெரிஞ்ச அம்மா.

— அந்த அம்மா சொன்னது எல்லாம் இருக்கட்டும், வாசனை வந்துடுச்சு. எடுங்க, கருகிடப் போகுது.

— வந்துட்டேன், வந்துட்டேன். தள்ளிக்கோ, சூடு. அடேயப்பா! இங்க பாரேன்! நடுவுல பேப்பர் மாதிரி, ஓரம் மட்டும் உப்பிக்கிட்டு!

— ம்.

— என்ன 'ம்'? கை பழகிடுச்சு பார்த்தியா? மூணே வாரம். பீரோ தூக்குற கைக்கு இது என்ன பெரிய வேலை. இரு, வெட்டறேன். உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. மிச்சத்தை டப்பாவுல போட்டு மூடி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுத்தான் உட்காரணும். கண்ணு முன்னாடி கிடந்தா கை சும்மா இருக்காது.

— வச்சுடுங்க. கதவையும் நல்லா சாத்துங்க, எட்டிப் பார்க்குது.

— டிஷ்யூவை மேல வச்சு ஒத்தி எடு. எண்ணெய் இருந்தா அதுல வந்துடும்.

— ஒத்திட்டேன். காகிதம் போன மாதிரியே திரும்பி வந்திருக்கு. இதை நாளைக்கும் வச்சுக்கலாம்.

— கோலா கேட்காதே. எலுமிச்சம் துண்டு போட்ட தண்ணி இருக்கு. மெதுவா மென்னு தின்னு.

— நீங்க முதல்ல கடிங்க.

— ஏன், விஷமா வச்சிருக்கேன்? இந்தா, கடிச்சுட்டேன். ஏய்! இது நல்லா இருக்கே! நிஜமாவே நல்லா இருக்கு. மொறுமொறுன்னு, அடியில லேசா ஒரு புளிப்பு. சீஸ் கம்மின்னே தெரியலை. கீரை கூட…

— கீரை கூட?

— பரவாயில்ல. என்ன சிரிக்கிறே?

— சிரிக்கலையே. உங்க பல்லுல கீரை.

— இல்ல, நீ சிரிக்கிறே. இந்தப் புளிப்பு என் மாவுக்கு எங்கிருந்து வந்துச்சு? நேத்து சாயங்காலம் பிசைஞ்சு கிண்ணத்துல வச்சேன், கல்லு மாதிரி கிடந்துச்சு. இன்னிக்கு வாட்ச்மேன் டியூட்டி முடிஞ்சு வந்து எடுத்தா, தொட்ட பக்கமெல்லாம் நீளுது. ராத்திரியில இளகிடுச்சாக்கும்னு நினைச்சேன்.

— உங்க மாவு குப்பைக்கூடையில இருக்குங்க. முட்டையோட்டுக்கு அடியில.

— என்னது? அப்ப இது?

— இது கீழ இருந்து வந்தது.

— கீழ இருந்து யாரு கொண்டாந்து குடுத்தா?

— நான்தான் கொண்டாந்தேன்.

— ஏன், காலையில றெக்கை முளைச்சுதா உனக்கு?

— உட்கார்ந்து இறங்கினேன். நீங்க டியூட்டிக்குப் போனதும், கம்பை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியா. சின்னக் குழந்தைங்க இறங்கும் பாருங்க, அந்த மாதிரி. மூணாவது மாடிப் பொண்ணு கதவைத் திறந்தவ, 'எதையாவது தொலைச்சுட்டீங்களா, தேடுறீங்களா'ன்னு கேட்டா. 'ஆமாம்மா, முட்டியைத் தேடுறேன்'னேன்.

— உனக்குப் பைத்தியமா? உருண்டிருந்தா?

— உருளலையே. என் துணிதான் தேய்ஞ்சுது. படியெல்லாம் பளபளன்னு இருக்கு, போய்ப் பாருங்க. கூட்டுற ஆளுக்கு இன்னிக்கு லீவு குடுத்துடலாம்.

— சிரிப்பு வரலை எனக்கு. மாவுக்காகவா நாலு மாடி?

— மாவுக்கு யாருங்க போனா? திங்கக்கிழமைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு என்னை யாரு இறக்குறது?

— ரெண்டு பேரைக் கூலிக்குப் பிடிக்கிறேன்னு சொன்னேனே.

— ஒருத்தனைப் பிடிப்பீங்க. இன்னொருத்தன் எதுக்கு, நான் இருக்கேனேன்னு நிப்பீங்க. போன தடவை என்னை மேல ஏத்தும்போதும் அதைத்தானே பண்ணீங்க? எனக்குத் தெரியாத படியான்னு கீழ போய் நின்னு, ரெண்டாவது மாடியில முதுகு பிடிச்சுக்கிச்சு. முட்டி போன பொண்டாட்டி நாற்காலியில, முதுகு போன புருஷன் படியில. பக்கத்து வீட்டுக்காரங்க யாரை முதல்ல தூக்குறதுன்னு தெரியாம நின்னாங்க.

— அது என் தப்பு இல்ல. மேல நின்னவன் வேலை தெரியாதவன். சாய்வு குடுக்கத் தெரியலை.

— வேலை தெரிஞ்ச ஆளைக் கேட்போம்னா நீங்க விட மாட்டேங்கிறீங்க.

— அவன் பீட்சா கடைக்கா போனே?

— தெருமுனையில வேற எந்தக் கடை இருக்கு?

— நான் காலடி வைக்க மாட்டேன்னு சொன்ன கடைக்கு!

— நீங்கதானே சொன்னீங்க, நான் சொல்லலையே. என் காலடிக்கு இருந்திருந்து இப்பத்தாங்க வேலை வந்திருக்கு.

— அவன் எனக்குப் பண்ணது மறந்துபோச்சா உனக்கு? சாமான் தூக்குறது ரெண்டு ஆள் வேலை. ஒருத்தன் போயிட்டா மிச்சம் இருக்கிறவன் பாதி ஆள் இல்ல, ஆளே இல்ல. ஒத்தை ஆளா நான் எந்தக் கட்டிலைத் தூக்குவேன்? மாவு பிசையப் போறேன்னு அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

— தோள்பட்டை இறங்கிப்போச்சுங்க அவருக்கு. தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, உங்களுக்கும் தெரியும். கடை திறந்த அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?

— உண்மையைச் சொன்னேன்.

— 'இத்தனை வருஷம் படியில மேலாளா நின்னு கையை மட்டும் வச்சுக்கிட்டு வந்தே, வெயிட்டு பூரா என் முதுகுல'ன்னீங்க. அவரு எனக்குன்னு பீட்சா வெட்டிக்கிட்டு இருந்தாரு. வெட்டின கை அப்படியே நின்னுது. நான் பார்த்தேன்.

— படியில சாமான் ஏத்தும்போது கீழ நிக்கிறவன் மேலதான் எல்லா கனமும் சாயும். மேல நிக்கிறவன் வழி காட்டுவான், அவ்வளவுதான். இது பொய்யா?

— பொய் இல்ல. அவரு குள்ளம், கீழ நிறுத்தினா சாமான் தலை மேல வந்து நிக்கும்னு மேல நிறுத்தினது யாரு? அவரா போய் நின்னாரு?

— அதை விடு. உன்னைப் பார்த்து என்ன சொன்னான்?

— முதல்ல தண்ணி குடுத்தாரு. மாவு மூட்டை நிறுக்கிற தராசைக் காட்டி, 'ஏறு'ன்னாரு. டாக்டர் சொன்ன வெயிட்டுக்கு வந்துட்டேங்க. உங்க கதவுப்பலகை பீட்சா வேலை செஞ்சிருக்கு.

— நிஜமாவா? ஏய், இதை ஏன் முதல்லயே சொல்லலை?

— சொன்னா எப்படித் தெரியும்னு கேட்பீங்க. அப்புறம்தான் மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரு. பாதி மைதா பாதி கோதுமை, ரெண்டு ராத்திரி குளிர்ல தூங்க வைக்கணுமாம். 'அவன் அவசரக்காரன், தூங்க விட்டிருக்க மாட்டான்'னாரு.

— யாரு அவசரக்காரன்?

— அவரு கடையில இப்ப ஃபுல் லோடே கிடையாதுங்க. 'அரை லோடு'ன்னு பலகையில எழுதிப் போட்டிருக்காரு. சீஸ் பாதி, காய் ரெண்டு மடங்கு. ஃபுல் லோடு கேட்டு வந்த பழைய ஆளுங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்திட்டாங்களாம். கடை பிடிக்காம இல்ல, உடம்புக்கு முடியாம.

— அரை லோடு. அவனுக்குப் பேரு வைக்க மட்டும் நல்லா வரும். சரி, இறங்கினே, பேசினே. ஏறினது எப்படி? உட்கார்ந்து ஏற முடியாதே.

— கடை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, ரெண்டு பேரு.

— கடை வேலையாளுங்களா? தட்டு தூக்குறவனுங்க கையிலயா உன்னைக் குடுத்தான்? நாற்காலியை எப்படிப் பிடிச்சானுங்க?

— பின்பக்கமா சாய்ச்சு. என் முதுகு முதல்ல ஏறுச்சு. கீழ நின்னவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே நாலு மாடியும் வந்தேன்.

— பிடி சரிதான். ரெண்டாவது மாடித் திருப்பத்துல? கைப்பிடிக் கம்பி இடிக்குமே. நான் மாட்டினதே அங்கதான்.

— இடிக்கலை. நாற்காலியோட முன்னங்கால் ரெண்டையும் கம்பிக்கு மேல ஏத்தி, ஒரு மூச்சு அப்படியே நிறுத்தி, கம்பி மேலயே வச்சுத் திருப்பினாங்க. கீழ தரை வரைக்கும் தெரிஞ்சுது. நான் நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

— என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.

— கம்பி மேல வச்சுத் திருப்பினாங்கன்னேன்.

— அதை யாரும் பண்ண மாட்டாங்க. அது பியானோவுக்குப் பண்ணது. நாம குடி வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தாங்களே ஒரு பாட்டு டீச்சர், அவங்க பியானோவுக்கு. மத்தியானம் பூரா அந்தத் திருப்பத்துல நின்னு யோசிச்சுக் கண்டுபிடிச்சோம். போன தடவை அந்தக் கூலிக்காரன்கிட்ட சொன்னேன், 'ஆளு விழுந்துடும்'னு பயந்துட்டான். எனக்கும் மொட்டைக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது.

— எனக்கும் தெரியும். நான் மேல நின்னு எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் இந்த வீடு எனக்குப் பிடிச்சுப்போச்சு.

— மேல யாரு நின்னா?

— மொட்டை அண்ணன் பொண்டாட்டி. மேலாளு வழி மட்டும்தானே காட்டணும்? நல்லாவே காட்டினாங்க.

— அப்ப கீழ… அந்தக் குள்ளனா? அவன் கீழ நின்னா நாற்காலி நெஞ்சுல வந்து உட்காருமே. அந்தத் தோள்பட்டையை வச்சுக்கிட்டு!

— வேண்டாம்னேன், கேட்கலை. மூணாவது மாடியில மூச்சு இரைச்சுது. 'இறக்கி வைங்கண்ணே'ன்னு கெஞ்சினேன். 'படியில பாதியில இறக்கினா திரும்பத் தூக்க வராது, அவன் சொல்லிக் குடுத்தது'ன்னாரு.

— நான் சொல்லிக் குடுத்ததுதான்.

— வாசல்ல இறக்கிட்டு, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம, நீங்க வர்றதுக்குள்ள போயிட்டாரு. திங்கக்கிழமைக்கு வருவீங்களான்னு கேட்டதுக்கு, 'வர்றேன், அவனை மேலாளா வந்து நிக்கச் சொல்லு'ன்னாரு.

— அவ்வளவு திமிரா அவனுக்கு? மாவை சும்மாவா வாங்கிட்டு வந்தே? எவ்வளவு ஆச்சு சொல்லு, இப்பவே போய்க் குடுத்துட்டு வர்றேன். அவன்கிட்ட நான் எதுவும் பாக்கி வைக்க மாட்டேன்.

— மாவுக்கு நான் காசு குடுத்துட்டேங்க. நீங்கதான் மொட்டை அண்ணனுக்கு நாலு மாடி பாக்கி.